குடையை வீட்டுக்குள் விரித்த பாட்டு

போன மாதம் என் மகளின் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இணையத்தில் பாட்டுப் போடும் ஒரு கம்பனியில் அவளுக்கு வேலை. பாட்டில் கூடாத சொல் இருந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்தைப் போட்டுவிடுவார்களாம். அதைக் கண்டுபிடிப்பதே கம்ப்யூட்டர்தானாம்.

"அன்ரி, நீங்களும் இந்த வேலைதானே செய்தனீங்கள்? அப்ப என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

நான்கு ஆண்கள், ஒரு கேத்தல் தேநீர், ஒரு தட்டு பிஸ்கட், பிறகு நான், இவ்வளவும் தேவைப்பட்டது என்றேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், கொழும்பில் சுருக்கெழுத்து, கல்யாணம், லண்டன். இங்கே வந்து முதலில் ஒரு வக்கீலுக்கும் பிறகு ஒரு பல் வைத்தியருக்கும் தட்டச்சுச் செய்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏஜென்சிக்காரர்கள் என்னை நகரத்தின் நடுவிலிருந்த ஒரு வானொலி நிலையத்துக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். அந்தத் தற்காலிகம் நான் ஓய்வு பெறும்வரை நீண்டது. காலையில் கோலியர்ஸ் வூட்டில் ரயில் ஏறுவேன். என்னோடு ஏறுகிற எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நான் அங்கே செய்தி வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. செய்த வேலையைச் சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது.

செய்த வேலை இதுதான். இசைத்தட்டுக் கம்பனிகள் புதிய பாட்டுகளை அனுப்பும். கூடவே பாடல் வரிகள் அச்சடித்த தாளும் வரும். தாளில் ஒன்று இருக்கும், பாட்டில் வேறொன்று இருக்கும். ஆகவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் மிதியால் நாடாவை நிறுத்தி நிறுத்தி, உண்மையில் என்ன பாடப்படுகிறது என்று நான் தட்டச்சுச் செய்து கொடுக்கவேண்டும். சொற்கள் பிரச்சினையில்லை. சொல்லில்லாத சத்தங்கள்தான் பிரச்சினை. அவற்றை அடைப்புக்குறிக்குள் போடவேண்டும் என்பது நிலையத்தின் விதி: பெருமூச்சு, சிரிப்பு, முனகல். பெருமூச்சுக்கும் முனகலுக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் கிழமையிலேயே தடுமாறினேன்.

என் மேலதிகாரி மிஸ்டர் விட்கம் தீர்த்துவைத்தார். "மிஸிஸ் நாதன், மேலே போனால் பெருமூச்சு. கீழே இறங்கினால் முனகல்." இதைச் சொல்லும்போது அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். அந்தக் கட்டடத்தில் என் பெயரை ஒழுங்காக உச்சரித்தவர் அவர் ஒருவர்தான். கூடாத சொல் எதையும் அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. 'இரண்டாம் சரணத்து விஷயம்' என்பார். இன்னும் மோசமானதாக இருந்தால் 'அந்த விஷயத்தின் விஷயம்' என்பார். பாட்டுக் கேட்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார், கண்ணை மூடுவார், இரண்டு கைகளையும் பிரார்த்தனைக்குப் போலக் கோர்த்துக்கொள்வார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார். இசைத்தட்டின் உறையில் பச்சைச் சீட்டு ஒட்டினால் எந்த நேரமும் ஒலிபரப்பலாம். மஞ்சள் ஒட்டினால் பிள்ளைகள் படுத்த பிறகு. சிவப்பு என்றால் ஒருபோதும் இல்லை.

இந்தத் தீர்ப்புக்கு செவ்வாய்க்கிழமைகளில் குழு கூடும். விட்கம், விளம்பரப் பிரிவுத் தலைவர், செய்தி ஆசிரியர், ஒரு சட்டத்தரணி. பாட்டை முதலில் தாளைக் கவிழ்த்து வைத்துக் கேட்பார்கள். பிறகு தாளைப் பார்த்துக் கேட்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் மெதுவாக ஓடவிட்டுக் கேட்பார்கள். எந்தப் பாட்டை யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தார்களோ, அந்தப் பாட்டைத்தான் அவர்கள் அதிகம் கேட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் குடைப் பாட்டு வந்தது.

பாடியவர்கள் டூட்டிங் பக்கத்து மூன்று பெண்கள். ஒருத்தி பேக்கரியில் வேலை, ஒருத்தி சுப்பர் மார்க்கெட்டில், ஒருத்தி தலைமுடி வெட்டும் கடையில். காலையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சிநேகிதமானவர்கள் என்பதால் குழுவுக்கு 'பஸ் கியூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாட்டில் மழை பெய்கிறது. ஒரு பையன் குடையோடு வாசலில் நிற்கிறான். உள்ளே வா என்கிறாள் பெண். வீட்டுக்குள் குடையை விரித்தால் கூடாது என்பது வெள்ளைக்காரர்களின் சாத்திரம். அவன் தயங்குகிறான். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கையில்லை, இங்கேயே விரி என்கிறாள். மூன்றாவது சரணத்தில் கம்பளம் நனைகிறது. அவ்வளவுதான். ஒரு கெட்ட சொல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை 'விரி' என்று வரும்போதும் மூன்று பெண்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கல்யாண வீட்டில் மணவறைக்குப் பின்னால் நின்று பெண்கள் சிரிக்கும் சிரிப்பு. தட்டச்சுச் செய்யும்போது எனக்கும் வந்துவிட்டது.

விட்கம் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"மிஸிஸ் நாதன், இது குடையைப் பற்றிய பாட்டா?"

"ஆம், சேர்."

"முழுவதுமா?"

"தொடக்கத்திலிருந்து முடிவுவரை, சேர்."

பச்சை ஒட்டினார்கள். காலை நிகழ்ச்சியில் பாட்டைப் போட்ட அறிவிப்பாளர், பாட்டு முடிந்ததும் பேச முடியாமல் சிரித்தார். அவர் சிரித்திராவிட்டால் பாதி லண்டனுக்கு விளங்கியிருக்காது. மத்தியானத்துக்குள் தொலைபேசிகள் அலறின. ஒரு பாதிரியார் கூப்பிட்டார். ஒரு பாடசாலை அதிபர் கூப்பிட்டார். குடை விற்கிற ஒருவர் கூப்பிட்டு எங்களுக்கு நன்றி சொன்னார். அடுத்த நாள் பத்திரிகை ஒன்று மூன்று பெண்களின் படத்தையும் முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டு, இந்த அசிங்கம் நம் வீடுகளுக்குள் வரலாமா என்று கேட்டது. அந்தப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் தினமும் ஒரு பெண் மேலாடையில்லாமல் நிற்பாள். அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கும் தொலைபேசி வந்தது. எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்தும் சிவஞானம் மாஸ்டர்.

"பிள்ளை, நீர் உந்த ரேடியோவிலதானே வேலை?"

"ஓம் மாஸ்டர்."

"ஒரு குடைப் பாட்டாம். எங்கட பிள்ளையள் வாயில அதுதான். நிப்பாட்டச் சொல்லும்."

"நீங்கள் கேட்டனீங்களோ மாஸ்டர்?"

"நான் ஏன் கேக்கிறன்! நாலு தரம் கேட்டுப் பாத்தன், ஒண்டும் விளங்கேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை குழு மறுபடியும் கூடியது. தாளைக் கவிழ்த்துக் கேட்டார்கள், பார்த்துக் கேட்டார்கள், மெதுவாக ஓடவிட்டுக் கேட்டார்கள். மெதுவாக ஓடவிட்டபோது அந்த மூன்று பெண்களும் மூன்று லொறிச் சாரதிகளாக மாறினார்கள். அந்தக் குரலில் குடையை விரிக்கச் சொல்லிக் கேட்டபோது சட்டத்தரணியின் முகம் வெளுத்தது. முடிவெடுக்க முடியவில்லை. பாடியவர்களில் ஒருத்தியையே கூப்பிட்டு விளக்கம் கேட்பது என்று தீர்மானித்தார்கள்.

வந்தவள் டெனிஸ், பேக்கரிக்காரி. உயரமான, அகன்ற தோள் உள்ள பெண். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள், கைமடிப்பில் மா ஒட்டியிருந்தது. அவள் பெற்றோர் கரிபியன் தீவொன்றிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு சொன்னாள். பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் அவள் பேச்சை எங்கள் தமிழில் எழுதினால்தான் சரியாக வருகிறது.

நால்வரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்கள்.

விட்கம் தொண்டையைச் செருமினார். "மிஸ், உங்கள் பாட்டிலுள்ள அந்தப் பொருளைப் பற்றி..."

"எந்தப் பொருள்?"

"மழைக்குப் பயன்படுவது."

"குடையோ?"

"ஆம். அதை நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?"

"பிடியில பிடிச்சு எடுங்கோ," என்றாள் டெனிஸ்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பென்சிலைக் கடித்துக்கொண்டேன். அவள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நீங்கள் வேற என்னவோ நினைக்கிறீங்கள் போல. என்னெண்டு சொன்னால், இல்லை எண்டோ ஓம் எண்டோ சொல்லுவன். சொல்லுங்கோவன்."

செய்தி ஆசிரியர் பிஸ்கட்டை ஆராய்ந்தார். விளம்பரத் தலைவர் கூரையைப் பார்த்தார். உலகத்துச் செய்தியெல்லாம் பேசுகிற நாலு ஆண்கள் ஒரு பெண்ணின் முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் விட்கம் என் பக்கம் திரும்பினார்.

"மிஸிஸ் நாதன், நீங்கள் திருமணமானவர். அடக்கத்துக்குப் பெயர்போன ஒரு பண்பாட்டிலிருந்து வந்தவர். நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பாட்டைத் தட்டச்சுச் செய்யும்போது உங்கள் மனம் புண்பட்டதா?"

எனக்கு விளங்கிவிட்டது. அவர்களுக்கு ஒரு புண்பட்ட மனம் தேவை. தங்களுடையதைக் கொடுக்க வெட்கம், ஆகவே என்னுடையதைக் கேட்கிறார்கள். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவது பற்றி விட்கம் மேலிடத்துக்கு எழுதவேண்டியிருந்தது. வீட்டில் என் கணவருக்கு வேலை போயிருந்த நேரம். ஒரு 'ஆம்' போதும். டெனிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை சேர்," என்றேன். "எனக்குச் சிரிப்பு வந்தது."

அத்தோடு நின்றிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "போன மாதம் நான்கு பையன்கள் பாடிய பாட்டு ஒன்று வந்ததே, அவளை அறைக்குள் பூட்டிச் சப்பாத்தை ஒளித்து வைக்கிறான். அவள் கதவைத் தட்டித் தட்டி அழுகிறாள். 'அழுகை' என்று அடைப்புக்குறிக்குள் நான்தான் போட்டேன். அன்றைக்குத்தான் என் மனம் புண்பட்டது. அதற்குப் பச்சை ஒட்டினோம்."

விட்கம் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். "அது ஒரு காதல் பாட்டு, மிஸிஸ் நாதன்," என்றார், மிகவும் மென்மையாக.

பாட்டுக்குச் சிவப்பு ஒட்டினார்கள். அது எனக்கு ஆச்சரியமில்லை. அடுத்த நாள் நிலையம் வெளியிட்ட அறிக்கைதான் ஆச்சரியம். எங்கள் நிலையத்தில் பணிபுரியும் ஆசியப் பெண்மணி ஒருவரின் உணர்வுகள் ஆழமாகப் பாதிக்கப்பட்டதையும் கருத்தில் கொண்டு, என்று அதில் இருந்தது.

அறிக்கையோடு விட்கமின் அறைக்குப் போனேன். எழுந்து நின்றார்.

"சேர், நான் இப்படிச் சொல்லவில்லையே."

"அறிக்கையில் உங்கள் பெயர் இல்லை, மிஸிஸ் நாதன்."

"இந்தக் கட்டடத்தில் ஆசியப் பெண் நான் ஒருத்திதான், சேர்."

"அப்படியானால் வேறு எவருக்கும் சங்கடமில்லை," என்றார். நான் வெளியே போகும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

மத்தியானம் என் மேசைக்கு டெனிஸின் தொலைபேசி வந்தது. "அண்டைக்கு என்ர முகத்துக்கு முன்னால சிரிப்பு வந்தது எண்டு சொன்னீங்கள். நான் போன பிறகு அழுதனீங்களோ?" நான் விளக்கம் சொல்லத் தொடங்குமுன் வைத்துவிட்டாள். வீட்டில் என் மகள் துஷி, அப்போது பதின்மூன்று வயது, என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் அவளை 'குடையம்மா மகள்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கூப்பிட்டார்களாம்.

ஒரே ஒருவர் மகிழ்ந்தார். சிவஞானம் மாஸ்டர் நேரில் வந்து, தமிழ்ப் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"அடக்கம் பிள்ளை, அடக்கம். உம்மட அடக்கத்துக்காகத்தானே போத்திறம்."

விழா டூட்டிங்கில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. விளம்பரத்துக்காக மாஸ்டர் தென் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து நிருபர் ஒருவரையும் அழைத்திருந்தார். மேலைநாட்டு ஆபாச வெள்ளத்துக்கு ஒற்றைக் கையால் அணைகட்டிய வீரத் தமிழ்ப் பெண் என்று என்னை அறிமுகப்படுத்தினார். நிருபருக்கு விளங்கவேண்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். பொன்னாடை விழுந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கடைசி வரிசையில் துஷி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

ஒலிவாங்கியைப் பிடித்தேன். என் கணவர் முன் வரிசையில் இருந்தார். முதல்நாள், "உமக்குச் சரியெண்டு பட்டதைச் சொல்லும், வேலை போனால் ரெண்டுபேருமா வீட்டில இருப்பம்," என்று சொல்லியிருந்தார்.

"மாஸ்டர் பிழையாச் சொல்லிப்போட்டார்," என்றேன். "நான் அந்தப் பாட்டைத் தடைசெய்யச் சொல்லேல்லை. என்ர மனம் புண்படவும் இல்லை. எனக்கு அந்தப் பாட்டு நல்லாப் பிடிக்கும்." நிருபருக்காக நானும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒலிவாங்கி கீச்சிட்டது. பின்னால் ஒரு சோடிக் கை தட்டியது, துஷியினுடையது. மாஸ்டர் பாய்ந்து வந்து அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். அது ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு நடனம். பத்து வயதுப் பிள்ளைகள் இடுப்பை வெட்டி வெட்டி ஆடினார்கள். பாட்டு முழுக்க மழை, கதாநாயகியின் நனைந்த சேலை, கதாநாயகனின் பசி. குடை என்ற பேச்சே இல்லை. பெற்றோர் விசிலடித்தார்கள்.

வாரப் பத்திரிகையில் நான் சொன்னது சின்னதாகச் செய்தியாக வந்தது. விட்கம் என்னை அழைத்தார். கோபமில்லை, அவருக்குக் கோபம் வராது. நிரந்தரமாக்கக் கடிதம் தயாராக இருக்கிறது, ஆனால் வேறு பிரிவில் என்றார். "விளம்பரப் பிரிவுக்குப் போங்கள், மிஸிஸ் நாதன். உங்கள் பரந்த மனம் அங்கே பயன்படும்." தண்டனை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே ஆபாசம் என்ற ஒன்றே கிடையாது. பியர் விற்கப் பெருமூச்சு விடுவார்கள், சொக்லேட் விற்க முனகுவார்கள். சரக்கின் பெயர் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் ஒரே கேள்வி.

பாட்டு, தடை செய்த செய்தியாலேயே சில கிழமை அமோகமாக விற்றது. அதோடு சரி. அடுத்த பாட்டு இதைவிட மோசமாக வேண்டும் என்றது இசைத்தட்டுக் கம்பனி. இந்தப் பாட்டையே பாடக்கூடாது என்றார்கள் மண்டபக்காரர்கள். டெனிஸின் தேவாலயத்தில் அவளைப் பாடகர் வரிசையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சுப்பர் மார்க்கெட்டுக்காரி கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனாள். இன்னொருத்தி பழையபடி முடி வெட்டினாள். டெனிஸ் பேக்கரிக்குத் திரும்பினாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் என் மேசைக்கு ஒரு கார் காப்புறுதி விளம்பரம் அனுமதிக்கு வந்தது. மழை பெய்தால் நாங்கள் இருக்கிறோம் என்பது அதன் கரு. பின்னணியில் குடைப் பாட்டு. விட்கம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், குழுவையும் கலைத்துவிட்டார்கள். ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பாட்டை எங்கள் ஒலிப்பதிவு அறையிலேயே புதிதாகப் பதிவு செய்தார்கள். பாட வந்தவள் டெனிஸ். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து என்னைக் கண்டுகொண்டாள். பேசாமல் போய்விடுவாளோ என்று நினைத்தேன். இடைவேளையில் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டாள்.

"அந்தப் பேப்பரைப் பிறகுதான் பாத்தனான்," என்றாள். "கூப்பிடோணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்டுப்போட்டன்."

"இப்ப கூப்பிட்டிட்டீர்தானே," என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற விளம்பரக்கார இளைஞனைத் தாடையால் காட்டினாள். "அண்டைக்குச் சிரிச்சதுக்கு எங்களை வெளியில விட்டவை. இண்டைக்கு இவர் சிரிப்புக் காணாதாம், இன்னும் கொஞ்சம் குறும்பாச் சிரிக்கட்டாம்."

இத்தனை வருடமாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். "டெனிஸ், உண்மையாச் சொல்லும். அது குடைதானோ?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மிஸிஸ் நாதன், நீங்கள் பிள்ளை பெத்த மனுசிதானே?"

எனக்கு அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். பாடல் தாள்கள் விழ, கதிரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நிமிர்ந்தபோது அந்த இளைஞன் கண்ணாடிக்கு வெளியே கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றான். ஒலிவாங்கி திறந்தே இருந்திருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் விளம்பரத்தில் வைத்தார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அது லண்டன் வீடுகளிலும் கார்களிலும் கேட்டது. முதல் நாளே துஷி தொலைபேசியில், "அம்மா, தற்ஸ் யூ!" என்று கத்தினாள்.

அந்த வருடம் ஆர்ச்வே முருகன் கோயிலில் சிவஞானம் மாஸ்டரைக் கண்டேன். அந்த விழாவுக்குப் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசியதில்லை. அன்று பிரசாதத்துக்கு நின்ற வரிசையில் மெல்ல ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கவனிப்பதைக் கண்டு தானே விளக்கம் சொன்னார்.

"உந்தக் கார் இன்சூரன்ஸ் விளம்பரம், பிள்ளை. உங்கட ரேடியோவிலதான் போகுது. நல்ல மெட்டு. அதில ரெண்டு பொம்பிளையள் சிரிக்கினம், கேட்டனீரோ?"

"கேட்டனான் மாஸ்டர்."

"இந்தக் காலத்துப் பாட்டுக்காரியள் மாதிரி இல்லை. கேக்கவே தெரியுது, நல்ல குடும்பப் பொம்பிளையள்."

"ஓம் மாஸ்டர்," என்றேன், "நல்ல குடும்பந்தான்."